தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன்கள்

குரங்கணியில் பேருந்தை விட்டு இறங்கி டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் வெளியூர்க்காரரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சென்ட்ரலுக்கா, டாப்புக்கா?" என்பதுதான். சென்ட்ரல் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் என்றால் டாப் ஸ்டேஷன். இரண்டும் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். இரண்டிலும் பிளாட்பாரம் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை, ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை. சென்ட்ரலுக்கு ரயில் வந்ததே கிடையாது. அது தேயிலை இறக்கிய ரோப்வேயின் நடுநிலையம். டாப் ஸ்டேஷனுக்கு மட்டும் ஒரு காலத்தில் நிஜமாகவே ரயில் வந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருந்த ரயில் நிலையம் அது.

மதுரையில் திருமங்கலத்துக்கும் ஒத்தக்கடைக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடவேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. அந்தப் பேச்சு தொடங்குவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே, மதுரைக்கு மேற்கே மேகத்துக்குள் ஓர் இலகு ரயில் ஓடி முடித்துவிட்டது. அதன் தடயத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏற்ற வாகனமும் ரயில்தான்.

காலையில் மதுரையிலிருந்து கிளம்பி மாலையில் போடியிலிருந்து திரும்பும் ரயிலில் ரிசர்வேஷன் கிடையாது. ஏறியவுடன் இடம் பிடிக்க வேண்டும். வலப்பக்கமோ இடப்பக்கமோ, ஜன்னல் கிடைத்தால் சரி. மதுரையைத் தாண்டியதும் நாகமலை கூடவே வரும். வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடிநாயக்கனூர் என்று நிறுத்தங்கள் கொஞ்சம்தான். மொத்தம் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையைக் குடைந்து வெட்டிய பள்ளத்துக்குள் ரயில் நுழையும்போது பெட்டிக்குள் சட்டென்று வெளிச்சம் குறைகிறது. ஜன்னலுக்கு வெளியே பாறையின் உட்புறம் கைக்கெட்டும் தூரத்தில் நகர்கிறது. பள்ளம் முடிந்து வெளியே வந்ததும் காற்றாலைகள், அவற்றுக்குப் பின்னால் நீல நிறத்தில் நீண்ட மலைச்சுவர். கம்பம் பள்ளத்தாக்கின் வாசல் இதுதான்.

இந்தத் தடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தென்னிந்திய ரயில்வே 1928-ல் மீட்டர் கேஜாகப் போட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது; இரும்பு தேவை என்று தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில்தான் மறுபடியும் ரயில் ஓடியது. 2010 டிசம்பரோடு அகலப்பாதைக்காக மீண்டும் நிறுத்தினார்கள். மூன்று நான்கு வருடத்தில் முடியும் என்று எல்லோரும் நினைத்த வேலை, பணம் ஒதுக்குவதிலேயே வருடங்களைத் தின்றது. 2022 மே 26-ல் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15-ல் போடி வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பன்னிரண்டு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. ரயில் நிற்கும்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, அது திரும்பி வருவதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

தேனி தலையெடுத்ததே ரயிலால்தான். அதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் பெரிய ஊர் என்றால் பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம். அல்லிநகரத்தை ஒட்டிய சிறு குடியிருப்பாக இருந்த தேனி, ரயில் நின்ற இடத்தில் சந்தை கூடி, சந்தை கூடிய இடத்தில் கமிஷன் கடைகளும் பஞ்சாலைகளும் வந்து, கடைசியில் மாவட்டத் தலைநகராகவே ஆனது. இப்போது ரயில் வரும் நேரத்தில் ஊருக்குள் கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி நிற்கின்றன. ஊர் ரயிலைச் சுற்றி வளர்ந்தது. ரயில் இல்லாத வருடங்களில் அது இன்னும் நெருங்கி வளர்ந்துவிட்டது.

போடி நிலையத்தில் தடம் முடிகிறது. நேரே மேற்கே பார்த்தால் மலை. அதற்குமேல் போக முடியாது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் தெற்கே போக முடியும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் அந்த நீளமான பச்சை நிலத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் ஊர்கள் இவை. வாழை, நெல், தென்னை என்று எதற்கும் குறைவில்லை. திராட்சையோ இரண்டு நாளைக்குமேல் தாங்காது. லாரியை நம்பித்தான் அறுவடை. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்று இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறார்கள். இந்தக் கோரிக்கையின் நியாயத்தைப் புரிந்துகொள்ள கார்த்திகை, மார்கழியில் ஒரு முறை கம்பம் சாலையில் போய்வந்தால் போதும். சபரிமலைக்குப் போகும் வண்டிகளும் காய்கறி லாரிகளும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

போடியில் காற்றிலேயே ஏலக்காய் மணக்கும் தெருக்கள் இருக்கின்றன. செடி நிற்பது பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில். வியாபாரம் இந்தப் பக்கம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் கேரளத்தில் புற்றடியிலும் தமிழ்நாட்டில் போடியிலும் நடக்கிறது. கடைகளில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். பச்சை கலையாத, முழுசான காய் ஒரு பக்கம். வெடித்தது, வெளுத்தது இன்னொரு பக்கம். எட்டு எம்.எம்.முக்கு மேல் என்றால் விலையே வேறு. விடிவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு மலையேறிப் போகிறவர்களும் பெண்கள்தான்.

போடியிலிருந்து முந்தல் வரை ஒரே சாலை. அங்கே பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஏறி மூணாறு போகிறது. மற்றொன்று கொட்டக்குடி ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு குரங்கணிக்குப் போகிறது. இரண்டாவது சாலையில் போக்குவரத்து குறைவு. மாந்தோப்பு, இலவ மரம், பாறைக்கு நடுவே சலசலக்கும் தண்ணீர். இலவம் பஞ்சு போடியின் இன்னொரு வியாபாரம். காய் வெடிக்கும் பருவத்தில் சாலையோரமெல்லாம் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக் கிடக்கும்.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சாலையில் மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றில் இருந்தது தேயிலைப் பெட்டி.

கதை எல்லைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். தேயிலை விளைந்தது. அதை லண்டனுக்கு அனுப்ப வழி வேண்டும். மேற்கே இறங்கினால் அடர்ந்த காடு, அகலமான ஆறுகள். கிழக்கே இறங்கினால் போடி; அங்கிருந்து சமவெளியில் வண்டிகட்டிப் போய் ரயிலைப் பிடித்துவிட்டால் தூத்துக்குடித் துறைமுகம். ஆகவே தோட்டங்கள் இருந்த மூணாறின் முதுகு கேரளத்திலும், அதன் வாசல் தேனிப் பக்கத்திலும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. மேலே போன அரிசியும் மளிகையும்கூடப் போடியிலிருந்தே போயின.

மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை முதலில் வண்டிப்பாதை. 1902-ல் அதன்மேல் ஒரு ரயில் வந்தது. அது சாதாரண ரயில் இல்லை. ஒற்றைத் தண்டவாளம். இழுத்தது எஞ்சினும் இல்லை, மாடுகள்.

இந்த வண்டி எப்படிச் சாயாமல் ஓடியது என்பதை நின்று பார்க்கவேண்டும். ஈவிங் முறை என்று இதற்குப் பெயர். சாலையின் ஓரமாகத் தரையோடு தரையாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டிக்கு அடியில், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த சிறு சக்கரங்கள். அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு உருளும். சுமையின் மிகப் பெரும் பங்கு அவற்றின் மேல். வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு சட்டம் நீண்டு, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அது சாலையில் உருண்டு வண்டியைச் சமன் செய்யும். இரும்பு பாதி மிச்சம். இரண்டு தண்டவாளத்தையும் மட்டம் பார்த்துப் போடும் வேலை இல்லை. குறுகலான வளைவிலும் திரும்பும். மலைப்பாதைக்கும் மாட்டின் இழுவைக்கும் பொருத்தமான யோசனைதான். இதே முறையில் 1907-ல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒரு ரயில் தொடங்கி 1927 வரை ஓடியது. அதன் எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பாட்டியாலாவுக்கு ஐந்து வருடம் முன்னோடி நம் மலையில் ஓடிய வண்டி.

1908-ல் மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று அது பெயர் பெற்றது. இன்று போடிக்கு வரும் ரயிலின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். பழைய மீட்டர் கேஜுக்கு 1,000. குண்டளை ரயிலுக்கு 610. டார்ஜிலிங்கில் ஓடும் பொம்மை ரயிலுக்கும் அதே அளவுதான். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு என்று நின்று நின்று வந்து, மலை முடியும் இடத்தில் ரயிலும் முடிந்தது. அந்தக் கடைசி நிலையம்தான் டாப் ஸ்டேஷன்.

அங்கே இறக்கிய பெட்டிகளை ரோப்வேயில் மாட்டினார்கள். பள்ளத்தாக்கின் மேலே கம்பியில் தொங்கியபடி சுமார் ஐந்து கிலோமீட்டர் இறங்கி அவை கொட்டக்குடிக்கு வந்தன. கீழ் நிலையம் என்பதால் கொட்டக்குடி 'பாட்டம் ஸ்டேஷன்' ஆனது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடி. ரயில், கம்பி, வண்டி, மறுபடி ரயில், பிறகு கப்பல். ஒரு பெட்டித் தேயிலை லண்டன் போய்ச் சேருவதற்குள் எத்தனை தோள் மாறியிருக்கும்! அந்தத் தோள்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இல்லை.

1924 ஜூலையில் எல்லாம் முடிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் பெருமழை அது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. மாட்டுப்பட்டிப் பக்கம் தேங்கி நின்ற தண்ணீர் உடைத்துக்கொண்டு மூணாறுக்குள் பாய்ந்தது. தண்டவாளம், பாலங்கள், நிலையங்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. ரயிலை மறுபடி போடவில்லை. அதே 1924-ல், அக்டோபரில், அயர்லாந்தில் லிஸ்டோவலுக்கும் பாலிபனியனுக்கும் இடையே 1888 முதல் ஓடிய இன்னொரு புகழ்பெற்ற ஒற்றைத் தண்டவாள ரயிலும் நின்றுபோனது. அந்த அயர்லாந்து ரயிலின் ஒரு சிறு பகுதியை இப்போது மறுபடி செய்து, பயணிகளை ஏற்றி ஓட்டுகிறார்கள். மூணாறில் மிஞ்சியது பழைய நிலையக் கட்டடம். அது இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இருக்கிறது. அந்த ரயிலை மீட்கலாமா என்று சில வருடங்களுக்கு முன் கேரளத்தில் பேச்சு எழுந்தது.

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேதனை புலப்படும். மேலே ரயில் போனது 1924. கீழே போடிக்கு ரயில் வந்தது 1928. நான்கே வருட இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று தவறவிட்டன. அந்த மழை ஐந்தாறு வருடம் தள்ளிப் பெய்திருந்தால், மூணாறில் ரயிலேறும் தேயிலைப் பெட்டி ரோப்வேயில் இறங்கி, கொட்டக்குடிக்கும் போடிக்கும் நடுவில் மட்டும் மாட்டு வண்டியில் போய், போடியிலிருந்து ரயிலிலேயே துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கும் யாராவது தண்டவாளம் போட யோசித்திருப்பார்கள்.

இன்றைக்கு டாப் ஸ்டேஷனுக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள் மூணாறிலிருந்து வருகிறார்கள். பார்வை மேடையில் நின்று கிழக்கே பார்க்கிறார்கள். மேகம் விலகினால் கீழே தேனி மாவட்டம் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கொரு முறை குறிஞ்சி பூக்கும் சரிவுகளும் பக்கத்திலேயே. கடைசியாக 2018-ல் பூத்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டு, சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரோப்வேயின் மிச்சங்கள் புதருக்குள் கிடப்பதைத் தேடிப் பார்ப்பவர் சிலர்தான். அந்த மேடையும் அதைச் சுற்றிய வீடுகளும் தமிழ்நாட்டில், போடி தாலுகாவில் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது.

அங்கே வசிப்பவர்களுக்கு அது மறக்க முடியாத விஷயம். அரசு வேலை எதற்கானாலும் அவர்கள் போடிக்கு வரவேண்டும். வண்டியில் வருவதென்றால் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று கேரளத்தைச் சுற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் அளவில் பயணம். நடந்தால் சென்ட்ரல் வழியாகக் குரங்கணி. பன்னிரண்டு கிலோமீட்டர் போல. ஏறுவதற்கு அரை நாள், இறங்குவதற்கு முழங்கால். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. காடு, வனவிலங்கு, சரிவு என்று அதற்குத் தடைகளும் உண்டு. அந்தத் தடைகளை லேசாக நினைக்க முடியாது. 1924 மழை எந்த மலையைப் புரட்டியதோ, அதே மலைதான் இது. ஆனால் தேயிலைப் பெட்டிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த வழி மனிதருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இந்த மலைகளின் பல ஊர்களில் நோயாளியை இன்றும் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்குகிறார்கள்.

இதேபோல இன்னொரு ஊர் கொழுக்குமலை. உலகத்தின் உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று பேசப்படுவது. அதுவும் தேனி மாவட்டம்தான். ஜீப் போகும் வழி மட்டும் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுவழியில்தான் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்கு வந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். அதன் பிறகு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் இந்த மலையில் நடக்க முடியாது. அது சரியான ஏற்பாடு. மாசி, பங்குனியில் போதைப்புல் காய்ந்து இடுப்பளவு நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த விதியோடு வாதாட மாட்டார்கள்.

குரங்கணியில் காலை நேரத்தில் குதிரைகளுக்குப் பொதி ஏற்றுவதைப் பார்க்கலாம். அரிசி மூட்டை, எண்ணெய் டின், சிமெண்ட், ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் பொதி சரிந்துவிடும். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, கை வைத்து ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். இறங்கும்போது அதே குதிரைகள் காப்பி, மிளகு, ஏலக்காய் கொண்டுவரும்.

போடி ரயில் நிலையம் புதுசாக, விசாலமாக இருக்கிறது. பிளாட்பாரச் சுவர்களில் காலியிடம் நிறைய. சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் இரவில் ரயில் புறப்படுகிறது. அதைத் தினமும் விடவேண்டும் என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். அதோடு இன்னொன்றும் கேட்கலாம். மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியின் படம், குண்டளை ரயில் வந்த வழி, ரோப்வே இறங்கிய கோடு, அதில் வேலை செய்தவர்கள் எந்தெந்தச் சீமையிலிருந்து வந்தார்கள் என்ற விவரம். இவ்வளவையும் ஒரு சுவரில் எழுதிவிடலாம். ரயில்வேயும் தொல்லியல் துறையும் சேர்ந்தால் கொட்டக்குடியிலும் டாப் ஸ்டேஷனிலும் கிடக்கும் இரும்பும் கல்லும் இன்னும் துருப்பிடித்து உதிர்வதற்கு முன்பு அளந்து பதிவு செய்துவிடலாம். சென்ட்ரலிலும் டாப்பிலும் உள்ள பெரியவர்கள் தங்கள் தாத்தாமார்கள் பெட்டி மாட்டிய கதையைச் சொல்லக் காத்திருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் போனால் போதும்.